இரவுக்கு என்ன விலை?

பத்தாண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிறு காலை, ஏழு மணித் திருப்பலி. மறையுரை நடந்துகொண்டிருக்கையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் தலை கவிழ்ந்து உறங்கிப்போனார். மெல்லிய குறட்டையொலியும் எழுந்தது. சிறுவர்கள் வாய் பொத்திச் சிரித்தனர். நாம் மறையுரையை நிறுத்தினோம். ஒரு மணி நேரம் விழித்திருக்க இயலாதவர்கள் வீட்டிலேயே உறங்கலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னோம். அவர் திடுக்கிட்டு எழுந்தார், முகம் சிவந்தார், திருப்பலி முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

பின்னர்த் திருப்பண்ட அறைக்கு வந்தார். "மன்னிச்சிடுங்க சாமி. ராத்திரி பத்து மணிக்கு மில்லுக்குள்ள போனவன், காலையில ஆறு மணிக்கு வெளிய வந்து நேரா கோயிலுக்குத்தான் வந்தேன். வீட்டுக்குப் போனா படுத்துடுவேன், பூசை போயிடும்னு பயம்" என்றார். சட்டையில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தது. நாம் ஆசீர் அளித்து அனுப்பினோம். பெருந்தன்மையோடு நடந்துகொண்டதாகவே அன்று நமக்கு எண்ணம்.

ஆறு ஆண்டுகள் கழித்து அவரை அரசு மருத்துவமனையொன்றில் கண்டோம். வலக்காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டிருந்தனர். வயது நாற்பத்து மூன்று. சர்க்கரை முற்றிவிட்டது என்றார்கள். கட்டிலைச் சுற்றி நின்ற உறவினர் அனைவரும் ஒரே குரலில், "வாயைக் கட்டலைங்க சாமி, சொன்னா கேக்கறதில்லை" என்றனர். நாமும் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பு தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். அவர் பத்தொன்பது ஆண்டுகள் வாரத்திற்கு ஒரு முறை மாறும் முறைப்பணியில் உழைத்தவர். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. அவர் வாயைக் கட்டவில்லை என்பது பாதி உண்மையாயிருக்கலாம். மீதிப் பாதியை அந்தக் கட்டிலருகே சொல்ல ஒருவர்கூட இல்லை.

வள்ளூர் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இரவு என்பது இருட்டு மட்டுமே, ஓய்வு அன்று. கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தின் ரோலிங் மில்களும் இரும்பு உலைகளும், தேர்வாய்க் கண்டிகையின் ஆலைகளும், அத்திப்பட்டிலும் வள்ளூரிலும் எழுந்துள்ள அனல்மின் நிலையங்களும் இரவு முழுவதும் இயங்குகின்றன. வள்ளூர் நிலையம் ஒன்று மட்டுமே ஐந்நூறு மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகள் கொண்டது. மாலை ஒன்பது மணிக்குக் கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ நின்று பாருங்கள். கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக ஆட்களை ஏற்றிச் செல்லும். காலை ஏழு மணிக்கு அதே பேருந்துகள் அதே ஆட்களை இறக்கிவிடும். இறங்குவோரின் முகத்தைப் பாருங்கள். அவர்களுள் நம் பங்குமக்கள் உள்ளனர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓரறையில் எண்மராய்த் தங்கியிருக்கும் இளைஞர்களும் உள்ளனர்.

இவர்களைப் பற்றி நம்மிடையே ஒரு வசதியான நம்பிக்கை உண்டு. "பழகிவிடும்" என்பது அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த மகனிடம் தாய் சொல்கிறாள்; மேற்பார்வையாளர் சொல்கிறார்; பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்துகொண்டு நாமே சொல்லியிருக்கிறோம். பழகுவதில்லை என்பதே அறிவியல் கண்ட உண்மை. மனம் பழகலாம், கல்லீரல் பழகாது, கணையம் பழகாது. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்ல விழைகிறோம். இறையியல் பயின்ற நமக்கு இவ்வறிவியல் எளிதாய்ப் பிடிபடவில்லை. பிடிபட்ட அளவில் சொல்கிறோம்.

புளியமரத்தின் இலைகள் மாலையில் குவிவதையும் காலையில் விரிவதையும் நம் பாட்டிமார் அறிவர். மரம் தூங்குகிறது, இலையைப் பறிக்காதே என்பர். தூங்குமூஞ்சி மரத்திற்குப் பெயரே அப்படி வந்தது. அலெக்சாந்தரின் கடற்படையோடு சென்ற ஆண்டிரோசுதீனிசு என்பவர் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே புளியிலைகளின் இவ்வசைவைக் குறித்து வைத்தார். 1729ஆம் ஆண்டில் தெ மெய்ரான் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒருபடி மேலே சென்றார். தொட்டாற்சிணுங்கி வகைச் செடியொன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். கதிரவனைக் காணாமலேயே அச்செடி பகல் வேளையில் இலைகளை விரித்தது. இரவு வேளையில் குவித்தது. அப்படியானால் மணி அதன் உள்ளேயே ஓடுகிறது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு என்பதை நம் பள்ளி மாணவர் எத்தனை பேர் அறிவர்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குகைவாழ் வௌவால்களின் உள்மணியை ஆராய்ந்தார். பகலொளியும் கடிகாரமும் அற்ற தனியறையில் மனிதர்களைப் பல நாள்கள் தங்கச் செய்து, அவர்தம் உறக்கமும் விழிப்பும் எவ்வாறு ஓடுகின்றன என்றும் அங்கே ஆராய்ந்தனர். வெளியுலகம் அறியாத அவர்களும் முறையாக உறங்கினர், முறையாக விழித்தனர். மனிதனின் உள்மணி இருபத்து நான்கு மணிக்குச் சற்றே கூடுதலாக ஓடுகிறது. ஒவ்வொரு காலையும் வெளிச்சம் அதைத் திருத்தி வைக்கிறது. கண்ணின் நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. தலைமை மணி அதுவே.

அந்த மணி எதனால் ஆனது? 1971இல் அமெரிக்காவில் கோனாப்கா, பென்சர் என்னும் இருவர் பழ ஈக்களில் இதற்குரிய மரபணு ஒன்றைச் சுட்டினர். 1984இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இயக்கத்தை விளக்கிய ஆல், ரோசுபாஷ், யங் ஆகிய மூவர்க்கும் 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இயக்கம் வியப்பூட்டும் எளிமையுடையது. உயிரணுவினுள் ஒரு மரபணு தூண்டப்பெற்று ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அப்புரதம் பெருகிப் பெருகி, ஓர் அளவை எட்டியதும் உட்கருவுக்குள் திரும்பிச் சென்று, தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்குகிறது. பின்னர்ப் புரதம் சிதைகிறது. அடக்குவார் இன்றி மரபணு மீண்டும் எழுகிறது. இச்சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. மூளையில் மட்டுமா? கல்லீரலில், தசையில், கொழுப்பில், கணையத்தில் என உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இம்மணி ஓடுகிறது.

இனிச் சொல்லப்போவதே நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறியது. ஆகவே இழை புரத உருளைகளில் சுற்றப்பட்டு, மடிக்கப்பட்டு, கண்ணி கண்ணியாய் வளைக்கப்பட்டு உள்ளே வைக்கப்பட்டுள்ளது. நம் பங்கு அலுவலக அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். நூறாண்டுத் திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கணக்குப் புத்தகம் எல்லாம் அதில் உள்ளன. ஆனால் எந்த வேளையில் எந்த ஏடு மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருக்கிறதோ அதைத்தானே எழுத்தர் படிக்க முடியும்? மரபணுக்களும் அவ்வாறே. மடிப்புக்குள் இறுகிக் கிடப்பது படிக்கப்படாது; விரிந்திருப்பது படிக்கப்படும். இந்த மடிப்பு நிலையானதன்று. நாளின் ஒரு வேளையில் இழையின் தொலைவான இரு பகுதிகள் வளைந்து வந்து தொட்டுக்கொள்கின்றன; வேறொரு வேளையில் விலகுகின்றன. எலியின் கல்லீரலில் இதைக் கண்டுள்ளனர். மணியைச் சேர்ந்த மரபணுவொன்றைத் தொட்டுத் தூண்டும் ஒரு சிறு பகுதியை நீக்கிப் பார்த்தபோது, அந்த எலிகளின் நாளே சுருங்கிப் போயிற்று என 2018இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

அதே ஆண்டில், ஒடிசாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் சச்சிதானந்த பண்டா முதலியோர் பகலில் விழித்திருக்கும் குரங்கினமான பபூனை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். அறுபத்து நான்கு வகைத் திசுக்களைப் பார்த்ததில், புரதம் உண்டாக்கும் மரபணுக்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு திசுவிலாவது வேளைக்கேற்ப ஏறி இறங்குகின்றன. சொல்லப்போனால், நள்ளிரவில் நாம் கொண்டிருக்கும் உடல் நண்பகலில் கொண்டிருந்த உடல் அன்று. நள்ளிரவின் கல்லீரல், உண்ணா வேளையைக் கடக்கத் தானே சர்க்கரையை வடித்து இரத்தத்தில் விடும் ஏட்டை விரித்து வைத்திருக்கிறது. இருட்டில் சுரக்கும் மெலடோனின் இன்சுலின் சுரப்பைத் தணிக்கிறது. உறங்குபவனுக்கு இவை நன்மை. ஆனால் அந்த வேளையில்தான், இரவு இரண்டு மணிக்கு, ஆலையின் உணவுக்கூடத்தில் தட்டு நிறையச் சோறும் குழம்பும் பரிமாறப்படுகின்றன. நான்கு மணிக்குச் சர்க்கரை மிகுந்த தேநீர். கல்லீரல் ஏற்கெனவே வடித்த சர்க்கரையோடு சோற்றின் சர்க்கரையும் சேர்கிறது. வாங்கி வைக்கவேண்டிய இன்சுலினோ குறைந்திருக்கிறது. இதற்கு மேலும் ஒரு குழப்பம். தலைமை மணி வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. கல்லீரலின் மணி உணவு வேளையைப் பார்த்துத் திரும்புகிறது. ஒரே உடலில் மூளை ஒரு நேரம் சொல்ல, ஈரல் வேறு நேரம் சொல்கிறது. அந்த ஈரல் இரவுக்குப் பாதி திரும்புமுன் வாரம் முடிந்துவிடுகிறது. அடுத்த திங்கள் காலை முறை!

எலியிலும் குரங்கிலும் கண்டதை மனிதர்மேல் ஏற்றலாமா என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 2009ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் நலமான பத்துப் பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, இருபத்தெட்டு மணி நேரத்தை ஒரு நாளாக்கி, அவர்தம் உறக்கத்தையும் உணவையும் உள்மணியிலிருந்து நழுவச் செய்தனர். உணவின் அளவு கூடவில்லை. ஆயினும் இரத்தச் சர்க்கரை உயர்ந்தது. இன்சுலின் மிகுந்து சுரந்தும் பயனளிக்கவில்லை. இரத்த அழுத்தமும் ஏறியது. உணவுக்குப் பின் அளந்து பார்க்க இயன்ற எண்மரில் மூவர், நீரிழிவுக்கு முந்திய நிலையை எட்டியிருந்தனர். எத்தனை நாளில்? பத்து நாள்கூட ஆகவில்லை. நம் மனிதர் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தார்.

நீண்டகாலச் சான்றும் உண்டு. அமெரிக்கச் செவிலியர் ஒரு லட்சத்து எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. இரவுப் பணியும் கலந்து மாறும் முறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியோர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. ஆண்டுகள் கூடக்கூட வாய்ப்பும் படிப்படியாகக் கூடியது. அவர்கள் உடல் பருத்ததே இதற்குப் பெரும் காரணம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதைக் கழித்த பின்னும் ஒரு பகுதி எஞ்சியது. உடல் பருத்ததற்கே உறக்கம் கெட்டதும் ஒரு காரணம் அன்றோ? புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை, உள்மணியைக் குலைக்கும் முறைப்பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் 2007ஆம் ஆண்டில் சேர்த்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்து இரவுமுறைப் பணியை அதே வரிசையில் நிறுத்தியது. இவை இரகசியங்கள் அல்ல. ஆயினும் நம் தொழிற்பேட்டை வாயில்களில் நடக்கும் சர்க்கரை நோய் முகாம்களில், 'அரிசியைக் குறையுங்கள், நாள்தோறும் நடங்கள்' என்ற அறிவுரை மட்டுமே ஒலிக்கிறது. எட்டு மணி நேரம் சூட்டுக் கம்பியைக் குறடால் பிடித்து ஓடுபவனிடம் நடக்கச் சொல்வதை என்னவென்பது!

'சர்க்கரை நம் இரத்தத்தில் ஊறியது. பரம்பரை நோய்' என்பார் உண்டு. 2023ஆம் ஆண்டில் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர். அவர்கள் அனைவரும் இரவுப் பணி செய்தவர்கள் அல்லர் என்பது நமக்குத் தெரியும். நம் இனத்தாரின் உடல்வாகு இந்நோய்க்கு எளிதில் இடங்கொடுப்பது என்பதும் உண்மையே. கூரை வைக்கோலாயிருந்தால் தீக்குச்சியைத் தொலைவில் வைக்கவேண்டும் என்றுதான் நாம் முடிவுகட்டுவோம். அவர்களோ கூரை வைக்கோல்தானே, தீக்குச்சியின்மேல் பழியில்லை என்கிறார்கள்.

'ஆலை நின்றால் ஊர் நிற்கும்' என்பது அடுத்த வாதம். அனல்மின் நிலையத்தை இரவில் அணைக்கச் சொல்லும் அளவுக்கு நாம் அறியாதவர் அல்லர். உருகிய இரும்பை உலையில் உறையவிட முடியாது. மருத்துவமனையின் வாயிலை அடைக்க முடியாது. ஆனால் இரவில் ஓடுபவை எல்லாம் அத்தகையவைதாமா? பெட்டி கட்டுவதும் உதிரிப்பாகம் பூட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் எந்தத் தீயை அணையாமல் காக்கின்றன? எந்திரம் வாங்கிய கடனுக்கு வட்டி இரவிலும் ஓடுகிறது. ஆகவே எந்திரமும் ஓடவேண்டும், அதை ஓட்டும் மனிதனும் ஓடவேண்டும். நம் மாநிலத்தில் உயரழுத்த மின்சாரம் பெறும் ஆலைகளுக்கு உச்ச வேளைகளில் கூடுதல் கட்டணம் உண்டு. இரவு பத்து முதல் காலை ஐந்து வரை 5 விழுக்காடு தள்ளுபடி உண்டு. மின்வாரியத்திற்கு இரவும் பகலும் ஒன்றல்ல என்பது தெரிந்திருக்கிறது. அந்த வேறுபாட்டை மின்சாரத்திற்கு அளந்தவர்கள் மனித உடலுக்கு அளக்க மறந்தார்கள்.

அளந்துவிட்டோம், இரவுப்படி கொடுக்கிறோம் என்பர் சிலர். நம் பங்கில் விசாரித்துப் பார்த்தோம். ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு அது இல்லவே இல்லை. இருப்பவர்க்கு அது ஒரு வேளை சிற்றுண்டிச் செலவைத் தாண்டவில்லை. கூட்டியே கொடுத்தாலும் இந்த வணிகம் சரியாகுமா? கால்விரலுக்கு எவ்வளவு, கண்பார்வைக்கு எவ்வளவு என்று விலைப்பட்டியல் போடுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. தொழிலாளரே ஓ.டி. கேட்டு வருகிறார் என்பதும் உண்மை. மகளின் கல்லூரிக் கட்டணமே அவரைக் கேட்கச் செய்கிறது என்பது அதைவிட உண்மை.

சட்டத்தைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி என வரம்பிட்டது. அது மணிகளை எண்ணியது. எந்த மணிகள் என்று கேட்கவில்லை. நள்ளிரவைத் தாண்டும் முறையில் பணியாற்றுவோர்க்கு வார விடுமுறை என்பது அந்த முறை முடிந்த நொடியிலிருந்து தொடங்கும் இருபத்து நான்கு மணி நேரம் என்று அதன் 57ஆம் பிரிவு வரையறுத்தது. காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறவனுக்கு அந்நொடியே விடுமுறை தொடங்கிவிடுகிறது. விடுமுறையின் பகலை அவன் உறங்கிக் கழிக்கவேண்டும். மாலையில் எழுந்து பிள்ளைகளைப் பார்க்கவேண்டும். மறுநாள் காலை விடுமுறை முடிந்துவிடும். அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத்தொகுப்பு வந்துள்ளது. நாற்பது வயதைக் கடந்தோர்க்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவச் சோதனை என்பதை வரவேற்கிறோம். ஆனால் இருபது வயதில் இரவுப் பணியில் சேர்ந்தவன் நாற்பதை எட்டும்போது சோதனையில் கண்டுபிடிக்க வேண்டியது நிறையவே இருக்கும்.

2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது, மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடி அன்றோடு நூறாண்டு நிறைந்திருந்தது. நல்லது நடந்தது. ஆனால் அந்தப் பத்து நாள் வாதத்தில் எட்டா, பன்னிரண்டா என்பதே பேச்சாயிருந்தது. இரவு எட்டு முதல் காலை எட்டு வரையான பன்னிரண்டும் பகல் பன்னிரண்டும் ஒன்றா என்று கேட்டவர் மிகச் சிலரே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1990ஆம் ஆண்டிலேயே இரவுப் பணிக்கென 171ஆம் உடன்படிக்கையை உருவாக்கியது. இரவுப் பணிக்கு முன்னும் இடையிலும் உடற்சோதனை, உடல் ஒவ்வாதவர்க்கு இயன்றவரை நிகரான பகல் வேலை என அது பேசுகிறது. இந்தியா அதை ஏற்றுறுதி செய்யவில்லை.

நமக்குள்ளும் ஒரு வாதம் உண்டு. இவை தொழிற்சங்கத்தின் வேலை, திருப்பீடத்தின் முன் பேசவேண்டியவை அல்ல என்று உடன் அருட்பணியாளர் ஒருவரே சொன்னார். 1891ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதிய சுற்றுமடலை அவர் மறந்திருக்க வேண்டும். சுரங்கத்தில் பாறை உடைப்போரின் உழைப்பு உடலை மிகுதியாக வாட்டுவதால் அவர்தம் வேலை நேரம் அதற்கேற்பக் குறையவேண்டும் என்று அவர் அதில் வாதிட்டார். ஒரு மணி நேர உழைப்பு எல்லா இடத்திலும் ஒன்றே அன்று என்பதை ஒப்புக்கொண்ட வாதம் அது. நாம் அதை ஓர் அடி நீட்டுகிறோம்: எல்லா வேளையிலும் ஒன்றே அன்று.

செய்யக்கூடியவை இல்லாமலில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கனிம ஆலையொன்றில் வாரந்தோறும் பின்னோக்கி மாறிய முறையை, காலை, மாலை, இரவு என முன்னோக்கி மாற்றி, மூன்று வாரத்திற்கு ஒரு முறை என நீட்டிப் பார்த்தனர். தொழிலாளரின் உடல்நிலையும் மனநிறைவும் மேம்பட்டன, உற்பத்தியும் கூடியது. அது 1982ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. உள்மணி இருபத்து நான்கைவிட நீண்டதாகையால் அதைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னிழுப்பது கடினம். பணிப்பட்டியலைத் தலைகீழாக எழுத ஓர் எழுதுகோல் போதும். இரவு உணவைப் பற்றியும் 2021இல் ஓர் ஆய்வு வந்தது. பத்தொன்பது இளைஞர்களை இரவில் விழிக்கச் செய்து, ஒரு சாராரைப் பகலில் மட்டும் உண்ணச் செய்தனர். இரவில் உண்டவர்க்குச் சர்க்கரை ஏறியது; பகலில் மட்டும் உண்டவர்க்கு ஏறவில்லை. சிறிய ஆய்வுதான். ஆயினும் ஆலையின் உணவுக்கூடம் முழுச்சாப்பாட்டைப் பணி தொடங்குமுன் கொடுத்துவிட்டு நள்ளிரவில் சிறிதளவே தரலாம் என்று கேட்பதற்கு இது போதும். உடலால் உழைப்பவன் வெறும் வயிற்றோடு உலையருகே நிற்கமுடியாது என்பதையும், ஏற்கெனவே மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் உணவு வேளையை மாற்றக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி ஆலையைவிட்டு நம் வீட்டுக்கு வருவோம். பகல் உறக்கத்தை எவரேனும் பார்த்திருக்கிறீர்களா? கத்திரி வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஓரறை வீடு. அடுத்த வீட்டு மிக்சி, தெருவில் மீன்காரர் குரல், எரிவாயு உருளைக்காரர் தட்டும் ஓசை, மதியம் பள்ளி விட்டு வரும் பிள்ளை. மருந்தை வீடு தேடி வந்து தரும் அரசுத் திட்டத்தின் பணியாளரும் அந்த வேளையில்தான் கதவைத் தட்டுகிறார். எழுப்பாதே என்று மனைவி பிள்ளைகளை அடக்கி அடக்கி, அந்த வீட்டில் சிரிப்பே தாழ்ந்த குரலில்தான். இப்படி நான்கு மணி நேரம் புரண்டவனைத்தான் உறவினர் 'பகலெல்லாம் தூங்குகிறான்' என்று பேசுகின்றனர். பங்குப் பேரவைக் கூட்டத்திற்கு வரவில்லை, அன்பியத்திற்கு வரவில்லை என்று நாமும் பெயர் எழுதி வைத்திருக்கிறோம்.

நம் சபையார் நடத்தும் மருத்துவமனைகளில் இளம் செவிலியர்க்குத் தொடர்ந்து எத்தனை இரவுகள் போடப்படுகின்றன என்று எவரேனும் பணிப்பட்டியலைப் பார்த்ததுண்டா? பார்க்கவேண்டும். ஆனால் பிறரைக் கேட்குமுன் நம் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். நம் ஆலய வளாகத்தில் இரவுக் காவலர் ஒருவர் இருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது. இரவு எட்டு முதல் காலை ஆறு வரை, ஒன்பது ஆண்டுகள், வார விடுமுறை கிடையாது. கிறிஸ்து பிறப்பு இரவிலும் அவர் வாயிலில்தான் நின்றார். இக்கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கிய பிறகே அவருடைய கணக்கு நம் கண்ணில் பட்டது. கேட்டபோது, "பழகிடுச்சு சாமி" என்றார். மூன்றாண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

பங்குப் பேரவையில் இதை வைத்தோம். வாரத்தில் இரண்டு இரவுகளுக்கு மற்றொருவரை அமர்த்துவது, ஊதியம் குறையாது. தொழிற்சாலைச் சட்டம் கோயிலுக்குப் பொருந்தாதே என்றார் ஓர் உறுப்பினர். திருவிழாச் செலவில் எதைக் குறைப்பது என்றார் பொருளாளர். வாணவேடிக்கையைக் குறைக்கலாம் என்று ஒரு பெண்மணி சொன்னதும் பேச்சு அடங்கியது. முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளப்பட்டது. தள்ளிப்போட்டோர் பட்டியலில் நம் பெயரும் உண்டு, அன்றே முடிவெடுத்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் அன்று மாலையே செய்தோம். கோபுரத்தின் கிழக்கு முகத்தில் உள்ள ஒலிபெருக்கி, தொழிலாளர் குடியிருப்பை நோக்கியது. காலை ஐந்தரை முதல் ஏழு வரை பாடலும், பண்டிகை நாளில் நாள் முழுவதும் பாடலும் அதில் ஒலிக்கும். அதன் கம்பியைக் கழற்றச் சொன்னோம். கால்விரல் இழந்த அந்த மனிதர் இப்போது ஆலைக்குப் போவதில்லை. மனைவி நடத்தும் இட்லிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஒலிபெருக்கி நின்ற மறுவாரம் வந்து, "ஏன் சாமி பாட்டு வரல? எனக்கு அதுதான் காலையில துணை" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் மகன் இப்போது அதே தொழிற்பேட்டையில் இரவுமுறைக்குப் போய்வருகிறான் என்றும், காலை ஏழு மணிக்கு வந்து படுக்கிறான் என்றும் அப்போதுதான் அவரிடமிருந்து அறிந்தோம்.